தூண்டில் யார் கையில்?

தாமஸ் மக்வேனின் ‘நைன்டி டூ இன் தி ஷேட்’ (1973) பற்றிப் பேச்செடுத்தாலே, “ஓ, ஹெமிங்வே மாதிரியா?” என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். கீ வெஸ்ட், மீன், குடி, துப்பாக்கி எல்லாம் இருக்கிறதே, கேட்கத்தான் செய்வார்கள். எனக்கென்னவோ இது நேர் எதிர்த்திசையில் போகிற நாவலாகப் படுகிறது. ‘கடலும் கிழவனும்’ கதையில் தூண்டில் கிழவன் கையில். இங்கே நாயகன் ஆசைப்படுகிற வேலையில் தூண்டில் அடுத்தவன் கையில்.

டாம் ஸ்கெல்டன் கைடு ஆக விரும்புகிறான். ஃப்ளோரிடாவின் தென்கோடித் தீவுகளைச் சுற்றி முழங்காலளவு, இடுப்பளவுத் தண்ணீர்தான் மைல்கணக்கில். கடல் ஏறும்போது போன்ஃபிஷ், பெர்மிட் எல்லாம் அங்கே மேய வரும். கைடு மோட்டாரை அணைத்துவிட்டு, பின்னால் நின்று நீண்ட கழியைத் தரையில் ஊன்றிப் படகைத் தள்ளுவான். மீனை முதலில் பார்க்கிறவனும் பெரும்பாலும் அவன்தான். கடிகார முள் கணக்கில் திசை சொல்வான், தூரம் சொல்வான். இறகும் நூலும் சுற்றிய போலி இரையை வீசுவது, காசு கொடுத்து முன்னால் நிற்கும் வாடிக்கையாளர். சரியாக விழுந்தால் மீன் அவருடையது. கைடுக்கு அன்றைய கூலி.

இந்தக் கூலிக்கா ஒருவன் சாவான்? சாகிறான் (முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றி எழுத முடியாது). மூத்த கைடான நிக்கல் டான்ஸ் ஒரு விளையாட்டுக்கு ஸ்கெல்டனை ஏமாற்ற, இவன் அவனுடைய படகையே கொளுத்திவிடுகிறான். “நீ கைடு வேலை பார்த்தால் சுடுவேன்” என்கிறான் டான்ஸ். தெரிந்தேதான் ஸ்கெல்டன் புதுப் படகு கட்டுகிறான். வாடிக்கையாளரை ஏற்றிக்கொண்டு போகிறான். டான்ஸ் வந்து சுடுகிறான்.

இதை வெற்று ஆண் வீறாப்பு என்று ஒதுக்கிவிடலாம். பாதி உண்மையும்கூட. ஆனால் கரையில் நடக்கும் பக்கங்களைக் கவனியுங்கள். அப்பா கொசுவலைக்குள் படுத்தே கிடக்கிறார். ஊரே கிறுக்குப் பிடித்து அலைகிறது. வாக்கியங்களும் கோமாளித்தனமாகத் துள்ளுகின்றன. தண்ணீருக்குள் இறங்கியதும் அதே உரைநடை அடங்கிவிடுகிறது. நீரோட்டம், வெளிச்சம், புல்தரை, மீனின் நிழல். ஸ்கெல்டனுக்குப் புத்தி தெளிகிற ஒரே இடம் அதுதான் என்பதை மக்வேன் எங்கும் விளக்கவில்லை, நடையை மாற்றியே சொல்லிவிடுகிறார். அந்த இடத்துக்குப் போகாதே என்று மிரட்டினால், அவன் வேறெங்கே போவான்?

டான்ஸுக்கும் அதே கதிதான். படகு போனபின் அவனிடம் மிச்சமிருப்பது சொன்ன சொல் மட்டும். இருவரில் யாரையும் வில்லனாக்காதது நாவலின் பெரிய பலம்.

பலவீனம் மிராண்டா. ஸ்கெல்டனின் காதலி, பள்ளி ஆசிரியை. அவன் சாகப் போகிறான் என்பது இவளை என்ன செய்கிறது என்று நாவலுக்குப் பெரிய அக்கறை இல்லை. அலைக்கும் நிழலுக்கும் இவ்வளவு கண் கொடுத்த ஒருவர், கூடவே இருக்கிற பெண்ணை இப்படியா பார்க்காமல் விடுவது! வயதாகிவிட்டது புத்தகத்துக்கு என்று தோன்றுவது இங்கேதான்.

1975இல் மக்வேனே இதைப் படமாக்கினார், பீட்டர் ஃபோண்டாதான் ஸ்கெல்டன். படத்தைவிட, 1969இல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழில் அவர் எழுதிய ‘தி லாங்கஸ்ட் சைலன்ஸ்’ கட்டுரையைத் தேடிப் படியுங்கள். பெர்மிட் மீனுக்காகக் காத்துக்கிடந்து, பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பிய நாட்களைப் பற்றியது. நாவலில் ஓடுகிற அவசரம் அதில் துளியும் இல்லை. முதலில் அதைப் படித்துவிட்டு நாவலுக்கு வந்தால், ஸ்கெல்டன் ஏன் படகைக் கிளப்பினான் என்று கேட்கவே தோன்றாது.