கிளாரினெட் வாசிப்பில் நாவின் பிரயோகம்

கிளாரினெட் வாத்தியத்தில் மூச்சு நாதத்தைத் தருகிறது. விரல் ஸ்வரஸ்தானத்தைத் தருகிறது. அவ்விரண்டும் பிறப்பித்ததைக் கேட்போர் செவிக்குத் தெளிந்த உச்சரிப்பாக்கித் தருவது நா. நாவின் இப்பிரயோகத்தைக் கற்பிக்கும் முறைகள் தேசத்துக்குத் தேசம் வேறுபட்டு வளர்ந்திருப்பினும், நாவின் காரியம் மூச்சை உந்துவதன்று, விடுவிப்பதே என்னும் ஒரே பிரமாணத்தில் சிறந்த சம்பிரதாயங்கள் வந்து கூடுகின்றன.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூரெம்பர்க் நகரத்து டென்னரின் பட்டறையில் தோன்றியதாகக் கூறப்படும் இவ்வாத்தியத்தை, முற்காலத்து வித்வான்களில் பலர் ரீட் மேலுதட்டில் படும்படி வைத்து ஊதினர். அந்நிலையில் நா ரீட்டை எட்டுவது எளிதன்று. ஆதலால் தொண்டையாலோ மார்பின் உந்துதலாலோ ஸ்வரங்களைப் பிரித்தவர்களும் உண்டு. பாரிஸ் கன்சர்வேட்டரிக்காக லெஃபேவ்ர் 1802இல் எழுதிய போதனை நூலும் மேலுதட்டு முறையையே தழுவியது. கிளாரினெட் வித்வான் இவான் முல்லர் வற்புறுத்திய கீழுதட்டு முறையை, 1831இல் அங்கே ஆசிரியப் பதவியேற்ற பெர் கைக்கொண்ட பின்னரே, நாவின் நுனி ரீட்டின் நுனியைச் சந்திக்கும் இன்றைய வழக்கம் பிரெஞ்சு மரபில் வேரூன்றிற்று. 1843இல் குளோசே இயற்றிய பாடநூல் அம்மரபை உலகெங்கும் கொண்டு சென்றது.

பிரெஞ்சு மரபு இவ்வாறு பரவியபோதும், ஜெர்மானியர் ஒடுங்கிய ரீட்டைக் கயிற்றால் கட்டி வாசிக்கும் தங்கள் வழக்கத்தை விடாமல் காத்தனர். கார்ல் பேர்மன் 1864 முதல் வெளியிட்ட பெரும் போதனைத் தொகுதியின் ஸ்வராவளிகளை இன்றும் மாணவர் அப்பியாசம் செய்கின்றனர்.

பாரிஸில் பயின்று அமெரிக்காவில் ஆசானாக விளங்கிய டேனியல் பொனாட் இக்கலைக்கு அளித்த விளக்கம் தனிச் சிறப்புடையது. நா ரீட்டைத் தொட்டு நாதத்தை நிறுத்தியிருக்கும் அந்த மௌனத்தில், மூச்சின் அழுத்தம் சற்றும் தளராதிருக்க, விரல்கள் அடுத்த ஸ்வரத்துக்கு முன்கூட்டியே சென்று அமர்ந்துவிட வேண்டும். பிறகு நா விலகினால் போதும், ஸ்வரம் தானே பிறக்கும் என்பது அவர் போதனை. மதகுப் பலகையைத் தூக்கும்போது தேங்கி நிற்கும் நீர் பாய்கிறதேயன்றி, பலகை நீரைத் தள்ளுவதில்லை அல்லவா? இதை உணராத மாணவன் ஸ்வரந்தோறும் புதிதாக ஊதுகிறான், தாடை அசைகிறது, தொண்டை இறுகுகிறது, நாதம் முரடாகிறது.

நம் நாட்டில் முகவீணையின் இடத்தைப் பிடித்துச் சதிர்க் கச்சேரியில் 19ஆம் நூற்றாண்டில் அமர்ந்த கிளாரினெட்டுக்கு நாகஸ்வரத்தின் இலட்சணமே வழிகாட்டியாயிற்று. நாவால் ஸ்வரத்தைப் பிரிக்கும் துத்துக்காரமும், நா தொடாது மூச்சில் இழையும் அகாரமும் நாகஸ்வர வித்வான்கள் பரம்பரையாகப் போற்றும் பிரயோகங்கள். இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகஸ்வரம் பயின்ற ஏ.கே.சி. நடராஜன் அச்செல்வத்தைக் கிளாரினெட்டுக்கு உரிமையாக்கி, 2008இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். மேனாட்டில் ஸ்வரங்களைத் தனித்தனியே துண்டித்து ஒலிக்கும் ஸ்டக்காட்டோவின் தெளிவே நாவுக்குப் பரீட்சை. இங்கோ சாஹித்தியத்தின் அட்சரம் தொடங்குமிடத்தில் நா தொட வேண்டும், கமகம் ஓடுமிடத்தில் ஒதுங்க வேண்டும். 'விரிபோணி' வர்ணத்தில் பைரவியின் அசைவுகளை நாவால் துண்டித்தால் ராகபாவம் சிதையும். சிட்டை ஸ்வரங்களில் நாவே தொடாவிட்டால் லயம் மங்கும்.

ஆகையால், வர்ணத்துக்கு விரையுமுன் ஆசிரியர்கள் மாணவரை ஒரே ஸ்வரத்தில் நிறுத்தி, முதலில் நீண்ட மூச்சாகவும், பின்பு அம்மூச்சுத் தளராமலே நா நுனியால் மெல்லத் தொட்டும் விலக்கியும், சௌக்க காலத்தில் தினமும் சாதகம் செய்விக்க வேண்டுமென்பது என் வேண்டுகோள். காலப்பிரமாணத்தை ஒருபோதும் அவசரப்படுத்தலாகாது. சௌக்கத்தில் சுத்தமாக அமையாத நா துரிதத்தில் அமைந்ததாக எந்தச் சம்பிரதாயமும் ஒப்புக்கொள்வதில்லை.