தனி தொடங்கியதும் காலியாகும் நாற்காலிகள்

மார்கழி சீசனில் சனி, ஞாயிறு மாலைகளில் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ எந்தச் சபாவுக்குள் நுழைந்தாலும் இதைப் பார்க்கலாம். பிரதான உருப்படி உச்சத்தில் இருக்கும். ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், கற்பனாஸ்வரம் எல்லாம் முடிந்து, பாடகர் தனி ஆவர்த்தனத்துக்காக, அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதிக்காக, மிருதங்கக் கலைஞரின் பக்கம் திரும்பித் தலையசைப்பார். அவ்வளவுதான், மிருதங்கத்தில் முதல் சொல் விழுவதற்குள் அரங்கில் நாற்காலிகள் படபடவென்று மடங்கத் தொடங்கும். இரண்டாவது ரவுண்டில் கடமோ கஞ்சிராவோ பதில் சொல்லும்போது, நடைபாதையில் கேன்டீனை நோக்கி ஒரு வரிசையே போய்க்கொண்டிருக்கும். சேப்பாக்கத்தில் கடைசி ஓவருக்கு ஆறு ரன் தேவை என்ற நிலையில் ஒருவரும் இருக்கையை விட்டு எழுவதில்லை. கச்சேரியில் மட்டும் முடிவு தெரியப்போகும் நேரத்தில் எழுந்து போகிறோம்.

முடிவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தோடியை நன்றாகப் பாடினாரா இல்லையா என்பதில் பத்துப் பேருக்குப் பத்து அபிப்பிராயம் வரும்; கேட்டு வளர்ந்த பாணி குறுக்கே நிற்கும். தனி ஆவர்த்தனத்தில் அந்தச் சலுகை கிடையாது. கோர்வை, அதாவது மூன்று முறை வாசித்து முடிக்கும் சொற்கட்டு, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழ வேண்டும். விழுந்ததா இல்லையா என்பது விரல் எண்ணத் தெரிந்த பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். ஒரு கலைஞர் மறைந்துகொள்ள இடமே இல்லாத பத்து நிமிடம் அது. கச்சேரியில் திறமையை அளக்க வேண்டும் என்றால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான்.

தாளம் போடுவது கஷ்டம் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நான்கு மாத்திரை என்றால் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32. பாட்டு தட்டிலேயே தொடங்காமல் அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கோர்வை முடிய வேண்டிய இடமும் தட்டிலிருந்து இரண்டு மாத்திரை தள்ளியிருக்கும். இனி கணக்கைப் பாருங்கள். 'தா தீ கிணதொம்' என்று ஏழு மாத்திரை. அதன் பின் 'ததிகிணதொம்' என்ற ஐந்து மாத்திரைச் சொல் மூன்று தடவை. ஏழும் பதினைந்தும் 22. இதையே மூன்று முறை வாசித்தால் 66. இரண்டு ஆவர்த்தனத்துக்கு 64 போக, மிச்சம் இரண்டு மாத்திரை. பாடகர் பல்லவியின் முதல் எழுத்தை எடுக்கும் அதே புள்ளி!

இது ஆரம்பப் பாட அளவிலான கோர்வை. மேடையில் வாசிப்பவை இதைவிட எத்தனையோ மடங்கு சிக்கலானவை. பிரதான உருப்படி இரண்டு களையில், அதாவது ஒவ்வொரு எண்ணிக்கையும் இரட்டிப்பாக, இருந்தால் ஒரு ஆவர்த்தனத்துக்கே 64 மாத்திரை. நடுவில் திஸ்ர நடைக்கும் கண்ட நடைக்கும் போய்த் திரும்புவார்கள். இவ்வளவும் கையில் காகிதம் இல்லாமல், தாளத்தைத் தவிர வேறு பிடிப்பில்லாமல் நடக்கிறது. கோர்வையின் மூன்றாவது சுற்றில் பாடகரின் முகத்தைப் பாருங்கள். எடுப்பு நெருங்க நெருங்க அவர் மூச்சை இழுத்துத் தயாராவதும், கடைசித் 'தொம்' முடிந்த கணமே பாட்டின் முதல் எழுத்து வந்து விழுவதும், இந்த ஊரில் ஒரு வார இறுதியில் காணக் கிடைக்கும் மிகப் பெரிய பரவசங்களில் ஒன்று. கேன்டீனில் இருப்பவருக்கு அது கிடைக்காது.

எண்ணிக்கை சரியாக வந்ததாலேயே தனி நல்ல தனி ஆகிவிடாது. நான் கவனிப்பது முதல் இரண்டு நிமிடத்தை. முதல் ஆவர்த்தனத்திலேயே வேகத்தையும் சத்தத்தையும் கொட்டிவிட்டால் அப்புறம் ஏறுவதற்குப் படி இருக்காது. நல்ல கலைஞர் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுத் தொடங்குவார். மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் முகமான தொப்பியில் கும்கி என்ற ஒரு குழைவொலியைத் தேய்த்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருப்பார். அடுத்துப் பார்க்க வேண்டியது குறைப்பு. மிருதங்கமும் உபபக்கவாத்தியமும் இரண்டு ஆவர்த்தனம், ஒன்று, அரை, கால் என்று பங்கைக் குறைத்துக்கொண்டே மாறி மாறி வாசிக்கும் பகுதி அது. இங்கேதான் இருவரும் பேசிக்கொள்கிறார்களா, அல்லது வீட்டிலிருந்து தயாரித்துக் கொண்டுவந்ததை அவரவர் ஒப்பிக்கிறார்களா என்பது வெளிப்படும். மிருதங்கம் ஒரு சொல்லை நடுவில் முறித்தால் கஞ்சிரா அந்த முறிப்பைப் பிடித்து வேறொரு இடத்தில் முறிக்க வேண்டும். அப்படி நடந்தால் மேடையில் இருப்பவர்களே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். குறைப்பு முடிந்து இருவரும் சேர்ந்து, இறுதிக் கோர்வைக்கு முந்தைய சொற்கட்டான மோராவுக்குள் நுழையும்போது சத்தம் இரட்டிப்பாகும், தெளிவு குறையக் கூடாது. பல தனிகள் சறுக்குவது இங்கேதான்.

எங்கே உட்கார்வது என்பதும் முக்கியம். மிருதங்கக் கலைஞர் வலக்கை வாசிப்பவரானால் பாடகரின் வலப்புறம், அதாவது நமக்கு இடப்பக்கத்தில், கருப்புச் சோறு பூசிய முகமான வலந்தலை நம்மைப் பார்க்கும்படி அமர்வார். அந்தப் பக்கத்து இருக்கை கிடைத்தால் விரல்கள் கருப்புச் சோற்றில் எங்கே படுகின்றன, விளிம்பில் எங்கே படுகின்றன என்று கண்ணாலேயே படிக்கலாம். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக் கலைஞர். வலந்தலை அவையைப் பார்க்க வேண்டுமானால் அவர் வயலின்காரரின் பக்கத்துக்கு மாறி உட்கார வேண்டியிருந்தது. அந்த இட மாற்றமே அவருடைய தொடக்க கால வாய்ப்புகளுக்குத் தடையாக நின்றது. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவருக்குக் கைகொடுத்தார். இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் ஒரு பாணியைத் தந்தவரை, உட்காரும் இடத்தின் பொருட்டு இழந்திருக்கக்கூடிய உலகம் இது என்று நினைத்தால் மனம் கனக்கிறது. பழனியின் சீடர் திருச்சி சங்கரனுக்கு 2011-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி கிடைத்தது. மிருதங்கத்துக்கு அந்தப் பட்டம் முதலில் வந்தது 1966-ல், பாலக்காடு மணி ஐயருக்கு.

அப்படியானால் ஏன் எழுந்து போகிறார்கள்? ரசனை குறைந்துவிட்டது என்று சொல்வது சுலபம். நான் அதை ஏற்கவில்லை. காரணம் பெரும்பாலும் கடிகாரத்தில் இருக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்ததாகச் சொல்லப்படும் கச்சேரிப் பத்ததி, வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடியும் அந்த அமைப்பு, நான்கு மணி நேரக் கச்சேரிகள் சாதாரணமாக இருந்த காலத்தில் வளர்ந்தது. இன்று மாலை ஸ்லாட் பெரும்பாலும் இரண்டரை மணி நேரம். அடுத்த கச்சேரிக்கு மேடையைக் காலி செய்தாக வேண்டும். வர்ணம், இரண்டு மூன்று கீர்த்தனை, ஒரு துணைப் பிரதானம், பிரதானம், சில நாட்களில் ராகம் தானம் பல்லவி, பிறகு ரசிகர்கள் சீட்டு எழுதிக் கேட்கும் துக்கடாக்கள். ஆலாபனை ஐந்து நிமிடம் நீண்டால் அந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து கழியும்? தனியிலிருந்துதான். பத்து, பன்னிரண்டு நிமிடத்தை மிருதங்கமும் கடமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மோர்சிங்கும் இருந்தால் மூன்று பங்கு. ஒரு நடையை நிறுத்தி நிதானமாகக் கட்டி எழுப்ப நேரமில்லாத கலைஞர், நேரே வேகத்துக்குத் தாவுகிறார். வேகம் காதில் சத்தமாக விழுகிறது. சத்தம் என்று ஆனபின் ரசிகர் எழுகிறார். ரசிகர் எழுகிறார் என்பதால் அடுத்த கச்சேரியில் தனிக்கு இன்னும் இரண்டு நிமிடம் குறைகிறது. இந்தச் சுழலை உடைக்க வேண்டியவர்கள் மேடையிலும் நிர்வாகத்திலும் இருப்பவர்கள்.

ஒலிபெருக்கியின் பங்கும் இதில் பெரிது. மைக் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்று பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் பிடிவாதமாக நின்றபோது அதை ஒரு மேதையின் தனி விருப்பமாகப் பார்த்தவர்கள் உண்டு. இன்று பல அரங்குகளில் மிருதங்கத்தின் ஒலியளவு பாட்டுக்கு மேலே நிற்பதைக் கேட்கும்போது அவர் சொன்னதன் நியாயம் காதிலேயே புரிகிறது. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி, கூடக் குறைய எடுத்து, அந்த ஒரு கார்வைக்காகக் கலைஞர் பாடுபடுகிறார். ஒலிப்பலகையில் ஒரு குமிழைத் திருப்பியதும் அது வெறும் அதிர்வாகிவிடுகிறது. எழுபது வயது ரசிகர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லயம் இந்த ஊர் மக்களுக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால், ஒரு மாதம் பொறுத்துப் பொங்கல் விடுமுறையில் சென்னை சங்கமம் நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போவேன். 2007-ல் தொடங்கி, நடுவே நின்று, 2023-லிருந்து 'நம்ம ஊரு திருவிழா'வாகத் திரும்பி வந்திருக்கிறது. பூங்காவிலும் கடற்கரையிலும் பறையும் நையாண்டி மேளமும் முழங்கும்போது, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்கும் கூட்டம் ஆட்டம் முடியும்வரை நகர்வதில்லை. கோயில் திருவிழாக்களில் தவில் தனிக்காக நள்ளிரவுவரை காத்திருந்த தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்டவர்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. அவர் மறைந்தது 1975-ல். கூட்டம் அப்படி நிற்பதற்குக் காரணம் எளிது: அங்கே தாளத்துக்கு நேரம் கொடுக்கப்படுகிறது, கலைஞர் ஜனங்களின் முகத்தைப் பார்த்து வாசிக்கிறார்.

சபாக்கள் செய்யக்கூடியது கடினமான காரியம் இல்லை. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் ஒன்றரை மணியைத் தொடும்போதாவது தனி தொடங்கிவிட வேண்டும், இருபது நிமிடம் அதற்கு ஒதுக்க வேண்டும் என்று பாடகரிடம் முன்கூட்டியே பேசிவிடலாம். துக்கடாக்களில் இரண்டு குறைந்தால் குடி முழுகிப்போகாது. தனி நடக்கும்போது அரங்கக் கதவுகளை மூடிவைக்கலாம். கேன்டீனில் அந்த இருபது நிமிடம் பரிமாறலை நிறுத்தலாம். பாடகர்களிடமும் ஒரு வேண்டுகோள். தனி நடக்கும்போது உங்கள் தாளக் கை அவைக்குத் தெரியும்படி இருக்கட்டும். நீங்கள் ஆழ்ந்து கேட்பதைப் பார்த்தால்தான் நாங்களும் கேட்போம்.

வரும் சனி, ஞாயிறுக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு என் யோசனை மதியக் கச்சேரிகள். பெரும்பாலான சபாக்களில் அவற்றுக்கு டிக்கெட் கிடையாது. முன்வரிசையிலேயே இடம் கிடைக்கும். பாடுகிறவரும் வாசிக்கிறவரும் இளையவர்கள், பெயர் எடுக்க வேண்டிய கட்டத்தில் இருப்பவர்கள். அரங்கில் முப்பது பேர் இருந்தாலும் குறைப்பில் ஒருவரை ஒருவர் விடமாட்டார்கள். முப்பது பேரில் பத்துப் பேர் தொடையில் தாளம் போட்டால் மிருதங்கத்தில் கை வைத்திருக்கும் அந்த இருபது வயதுக்காரருக்கு அது மேடையிலிருந்தே தெரியும். வாசிப்பு அங்கேயே மாறுவதைக் கேட்கலாம். சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். இடப்பக்கம், மூன்றாவது வரிசைக்குள் உட்காருங்கள்.