கரிக்குச்சியின் முனையும் பக்கமும்

கண்டிக்கு அருகே தெகல்தொருவக் குகை விகாரையில் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. தேவரகம்பொல சில்வத்தன என்ற துறவி முதன்மையாய் நின்று தீட்டியவை. சிவந்த பின்புலத்தில் வெஸ்ஸந்தர என்ற புத்த ஜாதகக் கதையின் மாந்தர்கள் தட்டையாக நிற்கிறார்கள்; நிழல் கிடையாது. தோளும் இடையும் தயங்காத ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. உடலுக்குக் கனம் உண்டா என்று அந்த ஓவியர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

கனத்தைத் தேடுகிறவர் நகருக்குள் திரும்பி, திரித்துவக் கல்லூரி ஆலயத்துக்குப் போகவேண்டும். டேவிட் பெயின்டர் 1933இல் அங்கே வரைந்த சிலுவைக் காட்சியில் இயேசுவுக்குத் தாடியில்லை. உடல் சதையும் எலும்புமாகத் தொங்குகிறது. பெயின்டர் லண்டன் ரோயல் அக்கடமியில் பயின்றவர். மாதிரியை எதிரே நிறுத்திக் கரியாலும் சோக்காலும் வரைந்து பழகுவது அந்த மரபுக் கல்வியின் அடித்தளம்.

கரி அப்படி என்ன கற்றுத் தருகிறது? காற்றுப் புகாமல் சுட்ட மெல்லிய குச்சி அது. முனையால் இழுத்தால் கோடு, பக்கவாட்டில் படுக்கவைத்துத் தேய்த்தால் நிழல். தெகல்தொருவவும் பெயின்டரும் ஒரே குச்சியில்! தூள் தாளை இறுகப் பற்றுவதில்லை. விரலால் தடவினால் முதுகின் வளைவு மங்கிச் சரியும், ரொட்டித் துணுக்கால் ஒற்றினால் தோளில் வெளிச்சம் பிறக்கும். அதனால் மாதிரி களைத்து ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றும்போது படமும் கூடவே மாறலாம். அழித்த கோட்டின் சாம்பல் தடம் மட்டும் பின்னால் நிற்கும். பல கரிச்சித்திரங்களில் உயிர் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது.

சோக் இவ்வளவு இளகாது. மண்ணில் கிடைக்கும் சிவப்புச் சோக் இரும்பு கலந்த களி. தாளில் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. வரைகிறவர் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். சிஸ்டைன் ஆலயக் கூரையின் லிபிய சிபில் என்ற தீர்க்கதரிசினியின் உருவத்துக்காக மைக்கலாஞ்சலோ சிவப்புச் சோக்கில் வரைந்த முதுகு, இப்போது நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தசை ஒவ்வொன்றும் திரும்பும் இடம் அதில் புரிகிறது. சிவப்பு தானாகவே தோலின் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. கரியால் இந்தச் சூட்டைத் தர முடியாது.

பெயின்டர் நிழலின் பக்கம் என்றால், கோட்டின் பக்கம் நின்றவர் ஓவியர் ஜோர்ஜ் கீற். பெயின்டர் 1900இல் பிறந்தவர். கீற் 1901இல். இருவரும் திரித்துவக் கல்லூரி மாணவர்கள். கண்டியிலேயே பிறந்த கீற் நிழலை நாடவில்லை. பிக்காசோவின் பாதிப்பு இருந்தும், அவருடைய பெண்ணுருவங்களில் கண்ணிமையிலிருந்து இடுப்புவரை கோடுதான் ஆள்கிறது. விகாரைச் சுவருக்கு அவர்தான் நெருங்கிய உறவு.