தோற்சுருளும் விசிதோலும்: ஒரு சொல்லாட்சி மதிப்பீடு

முன்னுரை

எழுதுபொருள்களின் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் கல், செப்பேடு, பனையோலை ஆகியவற்றை விரிவாகப் பேசுவர். மேலைநாட்டார் எழுதப் பயன்படுத்திய விலங்குத் தோலைத் ‘தோல்’ என்ற ஒரு சொல்லால் கடந்துசெல்வர். ‘வெல்லம்’ என்று ஒலிபெயர்த்தால் அது கருப்பங்கட்டியைக் குறிக்கும் சொல்லோடு மயங்குகிறது. ‘தோற்சுருள்’ என்றால் வேறொரு பிழை நேர்கிறது. அப்பிழையின் தன்மையையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பொருளும் வடிவமும்

விவிலியத்தின் பழைய திருப்புதல், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் ‘தோற்சுருள்’ என்னும் சொல்லை ஆள்கிறது. கிரேக்க மூலத்தில் அங்கு நிற்பது இலத்தீனிலிருந்து கடன்பெற்ற ‘மெம்பிரானா’ என்பதாகும். அச்சொல் தோலைக் குறிக்குமேயன்றிச் சுருளைக் குறிக்காது. தோல் தாள்களை மடித்துத் தைத்த குறிப்பேடுகளையே அது சுட்டியிருக்கலாம் என்பது ராபர்ட்ஸ், ஸ்கீட் ஆகியோர் 1983இல் வெளியிட்ட நூலின் கருத்து. தமிழ்ச் சொல் பொருளோடு வடிவத்தையும் சேர்த்துக் கூறிவிட்டமையால், சுருளிலிருந்து ஏட்டுக்கு நூல் மாறிய பெருநிகழ்வு தமிழ்ப் படிப்பாளர் கண்ணில் படாது போகிறது.

‘தோற்சுருள்’ என்பதற்கு முற்றும் பொருந்தும் சான்று இந்தியாவிலேயே உண்டு. 1806இல் கிளாடியஸ் புக்கனன் கேரள யூதரிடமிருந்து பெற்று, இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள திருச்சட்டச் சுருள், செந்நிறம் ஊட்டிய ஆட்டுத்தோல்களால் ஆனது. மறுபுறம், ஹைதராபாத்தில் மூசி ஆற்றின் தென்கரையிலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் சுவடித் தொகுப்பில் தாள், ஓலை, துணி ஆகியவற்றோடு வெல்லத்தில் எழுதியனவும் உள்ளன. அதே நகரின் குஷாய்குடாவை ஒட்டி 1967இல் நிறுவப்பெற்ற இந்திய மின்னணுக் கழகம் கணிப்பொறிகளைச் செய்தளித்தது. எழுத்தின் இருவேறு ஊழிகள் ஒரே நகரில் அடங்கியிருப்பினும், முன்னதைத் தெளிவாகச் சுட்டத் தமிழில் சொல் நிலைபெறவில்லை.

பதனிடலும் விசித்தலும்

வெல்லம் என்பது ‘கன்றினுடையது’ எனப் பொருள்படும் இலத்தீன் அடியிற் பிறந்த பெயர். கன்றுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரும் ஊனும் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, விறைப்பு நிலையிலேயே உலர்த்திச் சுரண்டுவர். இங்குப் பதனிடல் இல்லை. செருப்புக்கும் பைக்கும் உரிய தோல் பட்டைச் சாறு முதலியவற்றால் வேதிமாற்றம் பெறுகிறது. வெல்லத்தில் நார்கள் இழுவிசையால் ஒரே தளத்தில் படிகின்றன. ஆகவே அது ஈரம் பட்டால் நெளியும். நெளியாதிருக்கவே ஐரோப்பியர் கனத்த பலகை அட்டையும் கொளுவியும் அமைத்தனர். எனினும் கட்டடப் பொருளாக அதன் உறுதி பெரிது. 1966ஆம் ஆண்டு பிளாரன்சு வெள்ளத்தில் நனைந்த நூல்களுள் மென்மையான வெல்ல உறையிட்டவை நன்கு தாக்குப்பிடித்தமையைக் கிறிஸ்டபர் கிளார்க்சன் கண்டு, 1982இல் அக்கட்டட முறையைப் பற்றித் தனிநூலே எழுதினார்.

இத்தொழில் நுட்பம் தமிழர் அறியாததன்று. பறைக்குப் போர்க்கும் கன்றுத்தோலும் மயிர் களைந்து, இழுத்து, உலர்த்தப்பெறுவதே. முழக்குமுன் பறையைத் தீயிற் காய்ச்சுவது ஈரத்தால் தளர்ந்த தோலை விறைக்கச் செய்வதற்காகும். நூலுக்குக் கொளுவி இட்டவன் அஞ்சியதும் அந்த ஈரத்தையே. எனவே தமிழகத்தில் தோலில் எழுதாமைக்குத் திறனின்மை காரணமன்று. பனையோலை எளிதிற் கிடைத்தமையும் எழுத்தாணி கொண்டு கீறும் மரபும் முதன்மைக் காரணங்கள். தோலைத் தீட்டாகக் கருதிய மனப்பான்மையும் துணைக் காரணமாகலாம். ஆயின் வேள்வியில் மான்தோல் ஏற்கப்பட்டமையால் அதுவே முழு விளக்கம் ஆகாது. தொல்காப்பியர் கூறும் எண்வகை வனப்புள் ஒன்றான ‘தோல்’ இலக்கிய வகையைக் குறிப்பது. அதனை எழுதுபொருளுக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

தோல்தொழிலாளர் தலைமுறைகளாகக் காத்த அறிவு நூல்வரலாற்றில் இடம்பெறாமையே இச்சொற்குறைக்கு அடிப்படை எனலாம். அட்டவணையில் ‘தோல்’ என்று மட்டும் எழுதினால், பதனிட்ட தோலுக்குரிய எண்ணெய்ப் பூச்சை வெல்லத்துக்கும் இடும் தவறு நேரக்கூடும், சுவடி கெடும்.

முடிவுரை

முழவுக்குத் தோலை இறுகக் கட்டுதலை ‘விசித்தல்’ என்பது பழைய வழக்கு. அதன்வழி ‘விசிதோல்’ என வினைத்தொகையாக வழங்கின், பதனிட்ட தோலினின்று வெல்லம் பிரிந்து நிற்கும். சுருளா ஏடா என்பதைத் தனியே குறிக்கலாம். ‘விசிதோல் ஏடு’, ‘விசிதோல் சுருள்’ என எழுதலாம். அயற்பொருள் ஒன்றுக்குப் பெயர் தேடும் முயற்சி பறை செய்வோரின் தொழிற்களத்தில் சென்று முடிவது, கலைச்சொல்லாக்கம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் உணர்த்துகிறது.