குளமா, மீன்தொட்டியா?

சென்னையில் வீட்டுக்கு வீடு குளம் வெட்டுகிறார்கள். நாலடிப் பள்ளம், அடியில் தார்ப்பாய், இரண்டு அல்லிக் கிழங்கு, கரையில் கொஞ்சம் வல்லாரை. 'பல்லுயிர்க் குளம்' தயார். நல்லதுதான். ஏரிக்குள்ளேயே மனை போட்டு விற்ற ஊரில் ஒரு அண்டாத் தண்ணீரும் லாபம். தேனீ குடிக்கும், மைனா குளிக்கும்.

ஆனால் யூடியூபில் இதைக் கொண்டாடும் வீடியோக்களின் கடைசிக் காட்சி என்னை உறுத்துகிறது. கொளத்தூர் மீன் கடையில் வாங்கிய பாலித்தீன் பையை அவிழ்த்துக் கப்பி மீன்களைக் குளத்தில் கொட்டுகிறார்கள். கேட்டால், 'கொசு வராது'. அந்த ஒரு பை போதும், அதுவரை செய்ததெல்லாம் வீண்.

கொசுப்புழுவை மட்டும் பார்த்துத் தின்னும் மீன் எங்கும் இல்லை. தட்டானின் இளம்புழு, தவளை முட்டை, குட்டித் தலைப்பிரட்டை என்று வாய்க்கு அடங்குவதெல்லாம் அதற்கு இரை. நம் மரத்தவளை மழை இரவில் தொட்டிச் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நுரையால் கூடு கட்டும். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழும். விழுகிற இடத்தில் கப்பிகள். ஏரியென்றால் ஒளியக் கோரையும் சேறும் உண்டு. நாலடித் தார்ப்பாயில் ஏது?

கொசுவுக்காக மீன் விடும் பழக்கம் புதிதல்ல. மலேரியாவை ஒழிக்க 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்த கம்பூசியா மீன், இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இருக்கிறது. இருந்தும் கிணற்றில் அதை விடுவதை நாம் நிறுத்தவில்லை.

டெங்கு வந்தால் யார் பொறுப்பு என்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பொரித்துக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பது உண்மை. ஆனால் அது அதிகம் தேடுவது பழைய டயரையும் மூடாத டிரம்மையும். குளத்துக் கொசுப்புழுவைத் தின்னத் தட்டானின் இளம்புழுவே வரும், மீன் அதை விட்டுவைத்தால். அதுவரை பி.டி.ஐ. என்ற பாக்டீரியாத் தூள் இருக்கிறது. தலைப்பிரட்டைக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. அதற்கும் மனம் வராதவர் குளம் வெட்ட வேண்டாம்.

'சரி, நாட்டு மீன் விடலாமே' என்பது அண்மைக்காலச் சமரசம். இந்தச் சின்னத் தொட்டியில் அதுவும் தலைப்பிரட்டையைத்தான் தின்னும். பை ஏற்கெனவே வாங்கியாயிற்றா? கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து அதில் விடுங்கள். அலுத்துப்போனால் கால்வாயில் மட்டும் கொட்டாதீர்கள்.