எரிந்த ஊரும் எழுதிய கல்லும்

வாகை சூடினான், வாளேந்தி வந்தான் என்று வேந்தர் புகழ் எழுதும் நம் எழுத்தாளர் பலர், எரிந்த குடிசையை எழுதக் கூசுகின்றனர். திருவந்திபுரம் கோயிற் கல்லோ கூசவில்லை! காடவன் கோப்பெருஞ்சிங்கன், மூன்றாம் இராசராச சோழனைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். 1231-ஆம் ஆண்டளவில், போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் ஏவிய தண்டநாயகர் இருவர் படையோடு வந்து அவனை மீட்டனர். மீட்டவனுக்குச் 'சோழராச்சியப் பிரதிட்டாசாரியன்' என்று வடமொழிப் பட்டம் வேறு!

வழிநெடுக ஊர்களை அழித்ததையும், சுட்டதையும், பெண்டிரைப் பிடித்துக் கொள்ளையிட்டதையும் அக்கல்வெட்டு சாதனைப் பட்டியலாகவே சொல்கிறது. மறைக்கவேண்டிய குற்றம் என்ற எண்ணமே எழுதியவனுக்கு இல்லை. சோழன் மீண்டான், சரி. பிடிபட்ட பெண்கள் மீண்டனரா? கல் பேசவில்லை.

வயலூர்க் கல்வெட்டு வேறு குரல். தெள்ளாற்றில் சோழனை வென்று, அமைச்சரோடு சிறைபிடித்த காடவனைச் செய்யுளில் போற்றுகிறது அது. அங்கே பாட்டுடைத் தலைவன் இருக்கிறான்; பறிகொடுத்தவன் இல்லை. இலக்கியமாக எடைபோட்டால், திருவந்திபுரத்து முரட்டு உரைநடையே மேல் என்போம். வயலூரைப் புலவர் போற்றட்டும், நமக்கு வழக்கில்லை.

பீங்கானுக்குப் பெயர்பெற்ற நம் விருத்தாசலத்துக் கோயிலிலும் காடவர் கல்வெட்டு உண்டு. மாணவரை அழைத்துச் சென்று அதைக் காட்டும் ஆசிரியத் தோழர்கள், திருவந்திபுரத்திற்கும் கூட்டிப் போகட்டும். கடலூருக்கு அருகில்தான் இருக்கிறது.