நவராத்திரி மண்டபத்து வீணை

நவராத்திரியை ஒட்டி ஆண்டுதோறும் தென்திசைத் தெய்வங்கள் மூன்று திருவனந்தபுரம் வந்து சேர்கின்றன. பத்மநாபபுரத்துக் கலைமகளும், வேளிமலைக் குமாரகோவில் முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் நெடுவழி நடந்து இந்நகர் புகுவர். 1956 நவம்பர் 1-இல் அவ்வூர்கள் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் இவ்வருகை நிற்கவில்லை. களியக்காவிளை எல்லையில் ஒரு மாநிலம் வழியனுப்ப, மறு மாநிலம் எதிர்கொள்கிறது. அக்கலைமகள் கம்பர் பூசித்த வடிவம் என்பது செவிவழி மரபு. வரலாற்றறிஞர் ஏற்பினும் மறுப்பினும், கரமனையிலும் வலியசாலையிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் அதில் ஐயம் கொண்டவர் எவருமில்லை.

கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே உள்ள நவராத்திரி மண்டபத்தில் அவள் ஒன்பது மாலைகள் இசை கேட்கிறாள். மாலை ஆறு மணிக்குக் கச்சேரி தொடங்கும். கைதட்டல் கிடையாது. ஆடவர் மேலாடை இன்றியே அமர்வர். நாளுக்கு ஒரு பெரும்பாட்டு என மன்னர் சுவாதித் திருநாள் (1813–1846) வகுத்தளித்தவை ஒன்பது. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, ஒன்பதாம் நாள் ஆரபி என இராகங்களும் மாறுவதில்லை. சொல்லனைத்தும் வடமொழி.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் நாளில், பைரவி இராகத்து ‘ஜனனி மாமவ’ பாட்டை வீணையில் கேட்கும் பேறு நமக்கு வாய்த்தது. வாசித்தவர் பெயர் இங்கு வேண்டா. நாம் எழுப்பும் வினா ஒருவரைப் பற்றியதன்று.

இராக ஆலாபனை சிறப்பாகவே அமைந்தது. பைரவியில் ஏறும்போது ஒரு தைவதமும் இறங்கும்போது வேறொரு தைவதமும் வரும். அவ்வேறுபாட்டை மெட்டு மாற்றிக் காட்டுவது எளிது. கம்பியை மெட்டின்மேல் இழுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிறப்பித்துக் காட்டுவதே அரிது. அவர் அரியதையே செய்தார். தானமோ, வீணைக்கென்றே பிறந்தது. சுண்டுவிரல் பக்கத்துத் தாளக் கம்பிகள் மூன்றையும் தொட்டுத் தொட்டு எழுப்ப, மிருதங்கமும் உடன் சேர (தானத்துக்கு மிருதங்கம் வாசிப்பது இம்மண்டபத்தின் தனி வழக்கு), அவையில் ஒருவரும் அசையவில்லை.

பாட்டு வந்தது. நமக்கு அருகில் அமர்ந்திருந்த நண்பர், வங்கி அலுவல் நிமித்தம் திருநெல்வேலியிலிருந்து குடியேறியவர், காதோடு காதாகச் சொன்னார்: “வாய்ப்பாட்டென்றால் நமக்கு மொழி அந்நியம் ஐயா. வீணையில் அந்தத் தடையே இல்லை பாருங்கள். சொல் போய்விட்டது, பண் மட்டும் நின்றது. பண் நம்முடையதுதானே?”

கேட்கும்போது நமக்கும் அது இனித்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அக்கூற்று உறுத்திற்று. வீணையில் சொல் போய்விடுகிறதா?

போவதில்லை என்பதே நாம் அறிந்த வரை உண்மை. நல்ல வீணையில் மீட்டு விழும் இடத்தைச் சொல்லே ஆள்கிறது. பாட்டின் ஓர் எழுத்துக்கு ஒரு மீட்டு. அவ்வெழுத்து நீளுமிடத்தில் மீட்டின்றி இடக்கையே சுரங்களை இழைத்துச் செல்ல வேண்டும். எழுத்தை மறந்து சுரத்துக்குச் சுரம் மீட்டினால் பாட்டு துண்டு துண்டாக நறுக்குண்டு விழும். பாலக்காட்டுக் கொடுவாயூரில் 1914-இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, இந்நகரத்து சுவாதித் திருநாள் இசைக்கழகத்தில் பலருக்கு ஆசானாக விளங்கிப் பின் பம்பாய் சென்ற கே. எஸ். நாராயணசாமி அவர்களின் வாசிப்புக்குப் பெருமை சேர்த்தது இதுவே. அவர் வீணை பாடிற்று என்றால், பாட்டின் சொல்லை மனத்துள் பாடிக்கொண்டே மீட்டினார் என்பது பொருள். நாம் கேட்ட கலைஞர் முன்பகுதியில் இதைப் பேணினார். சரணத்தில் விரைவு கூடியதும் மீட்டுகள் பெருகின, சொல் சிதறிற்று. நண்பர் விடுதலை என்று கொண்டாடிய இடம் உண்மையில் பிழையுற்ற இடம்.

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு கருவியை நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைச் சிற்றூர்களின் அரங்குகளில் ‘புளூகிராஸ்’ என்னும் இசை ஒலிக்கிறது. அதன் உயிர்க்கருவி பாஞ்சோ. (நம் ஊர்களில் பாஞ்சோ என்று சொல்லப்படும் புல்புல்தாரா வேறு.) 1945 இறுதியில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்கிரக்ஸ், மூன்று விரல்களால் சுரங்களை உருட்டிப் பொழியும் முறையால் அதற்குப் புதுவாழ்வு தந்தார். அதன் ஐந்தாம் கம்பி குட்டையானது. சுருதிபோல் இடைவிடாது ஒலிப்பது. நம் சுண்டுவிரல் செய்யும் பணியை அங்கே பெருவிரல் செய்கிறது. தோல் போர்த்த அக்கருவியில் நாதம் பிறந்தவுடன் மடிகிறது. ஆதலால் இழுக்க இடமில்லை, பொழியவே வேண்டும். இன்று அதனை மலைவாழ் வெள்ளையரின் சொத்தென்றே உலகம் எண்ணுகிறது. மூலமோ, சுரைக்குடுக்கையில் தோல் கட்டிய மேற்கு ஆப்பிரிக்கக் கருவிகள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் அவற்றின் நினைவைச் சுமந்து வந்தனர். தாளமும் விரற்பழக்கமும் தலைமுறைகளைக் கடந்தன. அவர்தம் தாய்மொழிச் சொற்களில் பெரும்பாலானவை கடக்கவில்லை. கருவி எவருடையது என்பதையே ஊர் மறந்தது. அதை மீண்டும் நினைவூட்டக் கருப்பின இசைஞர் சிலர் இந்நூற்றாண்டில்தான் பாஞ்சோவைக் கையிலேந்தி மேடையேறினர்.

அவர்தம் துயரத்தோடு நம் குடியேற்றத்தை ஒப்பிடுதல் தகாது. நாம் விரும்பி வந்தோர். அலுவலுக்கும் வாணிகத்துக்கும் வந்தோர். ஆயினும் பண் நின்று சொல் உதிர்வது நம் வீடுகளிலும் நிகழ்கிறது.

இந்நகரத்திலேயே தமிழ்ப்பாட்டு பிறந்த வீடுகள் உண்டு. நாகர்கோவிலை அடுத்த வடிவீசுவரத்தில் 1839-இல் தோன்றிய நீலகண்ட சிவன், கரமனையில் வாழ்ந்து தமிழில் பாடி 1900-இல் மறைந்தார். தஞ்சை மண்ணிலிருந்து சிறுவனாய் இங்கு வந்த பாபநாசம் சிவன் அவர் பஜனையில் ஊறியே பின்னாளில் பாடலாசிரியரானார். அந்த மண்டபத்தில் இவர்கள் பாட்டு ஒலிக்காதது பற்றி நமக்குக் குறையில்லை. அஃது ஒரு மன்னரின் வழிபாட்டு முறை. முறைகள் மாறாதவையும் அல்ல: வீணை ஏந்திய பெண் தெய்வத்தின் முன் பெண்ணொருத்தி அமர்ந்து பாட 2006 வரை காத்திருக்க நேர்ந்தது, அவ்வாண்டு பாறசாலை பொன்னம்மாள் அவ்வாயிலைத் திறந்தார். நம் குறை மண்டபத்துக்கு வெளியே, நம் கூடத்தில் இருக்கிறது.

விசயதசமிக்கு மறுநாள் அந்நண்பர் இல்லத்துக்கே சென்றோம். அவர் பேத்தி நீலகண்ட சிவனின் முகாரிப் பாட்டொன்றை வீணையில் வாசித்தாள். சுரம் சுத்தம், தாளம் சுத்தம். பாட்டின் சொல் என்ன குழந்தாய் என்றோம். சிரித்தாள். பாட்டேடு மலையாள எழுத்தில் இருந்தது. அதில் சுரங்கள் மட்டுமே இருந்தன, சொல் இல்லை. தாத்தா உள்ளே சென்று பழைய புத்தகம் ஒன்றைத் தேடியெடுத்து வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுரத்தின் கீழும் எழுத்தெழுத்தாகத் தமிழில் எழுதினார். அவள் கூட்டிக்கூட்டிப் படித்தாள். இரண்டு எழுத்துக்குப் பொருளும் கேட்டாள். பிறகு முதல் வரியை மீண்டும் வாசித்தபோது, முன்பு ஐந்து மீட்டு விழுந்த இடத்தில் இரண்டே விழுந்தன.